சோதித்துவிட்டுப் பார்ட் மாற்றுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும், காருக்கு டியூ கட்டுபவர்களும், ஷெட் வைத்திருக்கும் என் மாணவர்களும் பொறுமையாக முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் மிஸ்ஸிங் என்று வண்டியைக் கொண்டுபோனால், எந்தச் சோதனையும் செய்யாமல் முதலில் பிளக், அடுத்து காயில், அதற்கடுத்து இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பார்ட் மாற்றிக்கொண்டே போகிற வழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றிவிட்டது. இதை ரிப்பேர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவர் காசில் லாட்டரிச் சீட்டு வாங்குவது இது. இதில் மெக்கானிக்குக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு வண்டிக்காரர்களான நமக்கும் உண்டு. அதுதான் என் வாதம்.

மிஸ்ஸிங் என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில், கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை எரிகிறது. ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு சிலிண்டரில் 400 தடவை, நாலிலும் சேர்த்து 1600 தடவை. 3000 சுற்றில் ஓடும்போது ஒரே சிலிண்டரில் விநாடிக்கு 25 தடவை. இதில் எரிய வேண்டிய ஒரு தடவை எரியாமல் போனாலோ, அரைகுறையாக எரிந்தாலோ அதுதான் மிஸ்ஃபயர். எரிவதற்கு வேண்டியவை மூன்று. சரியான நேரத்தில் வலுவான பொறி. சரியான விகிதத்தில் பெட்ரோலும் காற்றும். சுத்தமான பெட்ரோல் என்றால் எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று. அந்தக் கலவையைக் கசியவிடாமல் அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரெஷன். இந்த மூன்றில் எது குறைந்தாலும் வண்டி ஒரே மாதிரிதான் உதறும். சீட்டில் உட்கார்ந்து உதறலை மட்டும் வைத்துக் காரணத்தைச் சொல்ல யாராலும் முடியாது.

"ஸ்கேனரே சொல்லிருச்சுங்க சார்" என்பார்கள். ஸ்கேனர் என்ன சொன்னது? பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பி0303 என்றால் மூன்றாவதில், பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றில் என்றில்லாமல் பலவற்றில். அவ்வளவுதான். அந்த எண்ணில் காயில் என்ற சொல்லோ பிளக் என்ற சொல்லோ கிடையாது. வண்டியின் கம்ப்யூட்டருக்கு மிஸ்ஃபயர் தெரிவதே பெரும்பாலும் கிராங்க் சென்சார் வழியாகத்தான். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது கிராங்க் ஒரு தள்ளு வாங்கி வேகம் கூடுகிறது. மூன்றாவதன் முறை வரும்போது அந்தத் தள்ளு வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. வருகைப் பதிவேட்டில் மூன்றாம் எண்ணுக்கு நேரே ஆப்சென்ட் போடுவது போல. பையனுக்குக் காய்ச்சலா, வீட்டில் கல்யாணமா, சத்தியமங்கலத்தில் சினிமாவா என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா? விசாரித்தால்தான் தெரியும். விசாரிக்காமலே அப்பாவைக் கூட்டி வரச் சொல்கிற வாத்தியார் மாதிரிதான் எரர் எண்ணைப் பார்த்தவுடன் காயில் ஆர்டர் போடுகிற மெக்கானிக்கும்.

அறிவியல் பிரிவில் படித்தவர்களுக்கு பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு மறந்திருக்காது. கையில் ஒரு வெள்ளை உப்பு. நிறம், மணம், சூடுபடுத்தினால் என்ன ஆகிறது என்று முதல்நிலைச் சோதனைகள். அவற்றிலிருந்து ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு ஓர் உறுதிச் சோதனை. அது முடிந்த பிறகுதான் பெயரை எழுத வேண்டும். ஆய்வக உதவியாளரிடம் ரகசியமாகக் கேட்டு விடையை முதலில் எழுதிவிட்டு, சோதனைகளைப் பின்னால் இட்டுக்கட்டி நிரப்பிய புண்ணியவான்களும் உங்களில் இருக்கிறீர்கள். மார்க் கிடைத்தது. ஆனால் அந்தப் பழக்கத்தைச் சிலர் ஷெட் வரைக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். அங்கே தப்பு விடைக்கு மார்க் குறைவதில்லை. இன்னொருவர் பாக்கெட்தான் குறைகிறது.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்களில் ஒருவர் சொந்தமாக ஒரே ஒரு கார் வைத்து டாக்ஸி ஓட்டுகிறார். பெயர் வேண்டாம், ஷெட்டின் பெயரும் வேண்டாம். சவாரி நேரத்தில் மிஸ்ஸிங் வந்திருக்கிறது. எண் பி0303. முதல் நாள் நாலு பிளக் மாற்றினார்கள். போகவில்லை. மூன்றாவது காயிலை மாற்றினார்கள். போகவில்லை. "ஒண்ணு போனா மத்ததும் போயிருங்க" என்று மீதி மூன்றையும் மாற்றினார்கள். பிறகு இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் கிளீனிங். ஆறு நாள் வண்டி ஷெட்டில் நின்றது. பில் 21,400 ரூபாய். கடைசியில் "கம்ப்யூட்டரே போயிருக்கும்போல, அதையும் மாத்திப் பாத்துரலாங்க" என்றபோதுதான் அவர் எனக்குப் போன் செய்தார். மாதத் தவணை கட்டும் தேதி தாண்டியிருந்தது. பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வைத்த பணம் காயிலாக மாறியிருந்தது. எலக்ட்ரிக்கல் பார்ட் என்பதால் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

வேறொரு இடத்துக்கு வண்டி போனது. அங்கே இருந்த இளைஞர் செய்ததைக் கவனியுங்கள். பார்ட் எதையும் வாங்கச் சொல்லவில்லை. மூன்றாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டார், முதலாவதை மூன்றாவதில் போட்டார். பழைய எண்ணை அழித்துவிட்டு ஓடவிட்டார். மறுபடியும் பி0303. காயில் இடம் மாறியும் கோளாறு இடம் மாறவில்லை. ஆகவே காயில் நிரபராதி. பிளக்கையும் அப்படியே மாற்றிப் போட்டுப் பார்த்தார். அதுவும் நிரபராதி. பிறகு இன்ஜின் ஓடும்போதே மூன்றாவது காயிலுக்குப் போகும் வயரிங்கை மரக்குச்சியால் மெல்ல அசைத்தார். இன்ஜின் சத்தம் மாறியது. டேப்பைப் பிரித்தால், எலி கடித்த வயரில் பச்சை பூத்த ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை ஒரு மணி நேரம், கூலி 600 ரூபாய்.

இதில் ஓர் இயற்பியல் பாடமும் இருக்கிறது. முதல் ஷெட்டில் அந்த வயரை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 12 வோல்ட் காட்டியதாம், வயர் நல்லது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. அரித்துப்போன ஓர் இழை வழியாகக்கூட அது 12 வோல்ட்டைக் காட்டும். காயில் கேட்கும் ஆம்பியரை அந்த இழையால் தர முடியாது. மீட்டருக்குப் பதில் அதே இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை இணைத்துப் பார்த்திருந்தால் மினுக்மினுக் என்று அழுதிருக்கும். மின்னோட்டம் பெருகும்போது மின்தடையில் மின்னழுத்தம் விழுகிறது. ஓம் விதியைப் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினோம். வேண்டிய இடத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

சோதனை என்றவுடன் லட்ச ரூபாய்க் கருவி வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதல் சோதனை கேள்வி கேட்பது. எப்போது மிஸ் ஆகிறது?

ஐடிலில் உதறி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சரியாகிறதா? இன்டேக் பக்கம் எங்கேயோ ஹோஸ் வெடித்து அல்லது கேஸ்கெட் போய், கணக்கில் வராத காற்று உள்ளே நுழையலாம். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தக் கசிவு பெரிய பங்காகிவிடும். வேகத்தில் அது பொருட்டே இல்லை. ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்ற பகுதியைப் பார்த்தால், கம்ப்யூட்டர் தொடர்ந்து கூடுதல் பெட்ரோல் ஊற்றிச் சமாளிப்பது எண்ணாகவே தெரியும். எரர் எண்ணை மட்டும் படித்துவிட்டு ஸ்கேனரை மூடுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

சமதளத்தில் நன்றாக ஓடி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் திணறுகிறதா? முதல் சந்தேகம் பொறியின் மீது. சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும், உள்ளே கசியும் காயிலும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். மேடேறும்போது பெட்ரோல் அழுத்தம் போதாமல் போனாலும் திணறும் என்பதால், பம்பின் அழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

வாட்டர் வாஷ் செய்து வந்த அன்றே ஆரம்பித்ததா? பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். துடைத்து, காற்றடித்து உலர்த்தினாலே பல நேரம் வேலை முடிந்துவிடும். குழிக்குள் ஆயில் நின்றால் வால்வு கவர் பக்க சீல் கசிகிறது. சீலை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால் புதுக் காயிலும் ஆயிலில் குளிக்கும்.

சிஎன்ஜி வண்டியா? உங்களுக்கு ஒரு சோதனை இலவசம். ஸ்விட்சைப் பெட்ரோலுக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் மிஸ் ஆனால் இரண்டுக்கும் பொதுவான பொறி, கம்ப்ரெஷன் பக்கம் போங்கள். காஸில் மட்டும் மிஸ் ஆனால் காஸ் லைன், காஸ் இன்ஜெக்டர் பக்கம் போங்கள். ஆனால் காஸ் கலவையைப் பற்றவைக்க வலுவான பொறி வேண்டும் என்பதால், நலிந்த பிளக்கும் காயிலும் முதலில் காஸில்தான் பல்லிளிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காயில் இரண்டு சிலிண்டருக்கு ஒன்று என்று இருக்கும் வண்டிகளும் உண்டு. 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. ஜோடியாக இரண்டும் மிஸ் ஆனால் அந்தக் காயில் மீது சந்தேகப்பட நியாயம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டில் கம்ப்ரெஷன் குறைந்தால், நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். எண்கள் கூட்டாகச் சொல்வதைக் கேட்கத் தெரிய வேண்டும்.

இப்போது எல்லாப் பழியும் பெட்ரோல் மீது. "எத்தனால் கலந்துட்டாங்க சார், அதான்" என்று சொல்லிவிட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. 20 சதவீத எத்தனால் கலப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஆகாது, எத்தனால் தண்ணீரை ஈர்க்கும், தண்ணீர் மிகுந்தால் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், இவை உண்மை. ஆனால் ஒரு சாதாரண யோசனை செய்யுங்கள். நாலு சிலிண்டருக்கும் ஒரே டேங்க், ஒரே பம்ப், ஒரே பெட்ரோல். பெட்ரோல்தான் கெட்டது என்றால் மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் என்ன தனிப் பகை? ஒன்று மட்டும் திணறினால், அந்த ஒன்றுக்கு மட்டும் சொந்தமானவற்றைத் தேடுங்கள்: அதன் பிளக், அதன் காயில், அதன் இன்ஜெக்டர், அவற்றின் வயர், அதன் வால்வு, அதன் ரிங். நாலும் திணறினால் நாலுக்கும் பொதுவானவற்றைத் தேடுங்கள்: பெட்ரோல், பம்ப், காற்றுக் கசிவு, சென்சார். இதற்கு ஆட்டோமொபைல் டிப்ளமோ தேவையில்லை.

கம்ப்ரெஷன் சோதனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலையும் பொறியையும் நிறுத்திவிட்டு, கேஜை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நாலும் ஏறக்குறைய சமமாக வந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. எரிந்துபோன வால்வை வைத்துக்கொண்டு எத்தனை காயில் மாற்றினாலும் அந்தச் சிலிண்டர் எரியப்போவதில்லை. எப்படியும் பிளக் மாற்றக் கழற்றுகிறீர்களே, அந்த நேரத்தில் கேஜை மாட்ட என்ன தடை?

ஷெட் வைத்திருக்கும் பிள்ளைகள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "இருபது வருஷ அனுபவம் சார், சத்தத்தை வச்சே சொல்லிருவேன்." அனுபவத்தை நான் மதிக்கிறேன். எந்தச் சந்தேகத்தை முதலில் சோதிப்பது என்று சொல்லித் தருவது அனுபவம். அது பெரிய சொத்து. சோதனையே வேண்டாம் என்று சொல்ல அதற்கு உரிமை கிடையாது. உதறல் எல்லாம் மிஸ்ஸிங்கும் அல்ல. இன்ஜின் மவுன்டிங் ரப்பர் உடைந்தாலும் வண்டி உதறும். இன்னொன்று, ஓடும் இன்ஜினில் பிளக் வயரையும் காயிலையும் பிடுங்கிப் பார்க்கும் பழைய வித்தையை விட்டுவிடுங்கள். பல்லாயிரம் வோல்ட் உங்கள் கையையும் பதம் பார்க்கும், காயிலையும் கெடுக்கும். எந்தச் சிலிண்டர் என்று பார்க்க வேண்டுமானால் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றினால் போதும்.

நீங்கள் சொல்லும் இரண்டாவது பதில்தான் கனமானது. "சார், ஒரு மணி நேரம் சோதனை பண்ணி வயர்தான்னு கண்டுபிடிச்சா, கஸ்டமர் நூறு ரூபா குடுத்துட்டு டீ குடிச்சியான்னு கேப்பார். எட்டாயிரத்துக்குக் காயில் மாத்துனா பேசாம எண்ணி வைப்பார்." இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. இது முழு உண்மை. ஆகவே இனி வண்டிக்காரர்களிடம் பேசுகிறேன். என் சொந்தக்காரர்கள் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

நாம் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், யோசனைக்குக் கொடுக்க மாட்டோம். "பார்ட்டே மாத்தல, அப்புறம் எதுக்குங்க 600 ரூபா?" என்று அரை மணி நேரம் வாதாடுகிற அதே ஆள்தான், அட்டைப் பெட்டியோடு புதுப் பார்ட்டைக் காட்டினால் பேரம் பேசாமல் நீட்டுகிறார். பழைய பார்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டால் ஏமாறவில்லை என்று ஒரு திருப்தி. கெட்டுப்போகாத பார்ட்டைக் கழற்றித் தந்தாலும் அதே திருப்திதான் வருகிறது என்பதை யோசிப்பதில்லை. கண்டுபிடித்தவனுக்குக் கூலி மறுத்து, மாற்றினவனுக்கு அள்ளிக் கொடுத்தால், ஊரில் எந்த வகை மெக்கானிக் பிழைப்பான்? நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் ஊரில் வளரும். அந்த டாக்ஸிக்காரர் இழந்த 21,400 ரூபாயும் ஆறு நாள் சம்பாத்தியமும், நாம் எல்லாரும் சேர்ந்து பல வருடமாகக் கொடுக்க மறுத்த சோதனைக் கூலிக்கான வட்டி.

"கொஞ்சம் மிஸ்ஸிங்தானே, ஓட்டிக்கலாம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். விட்டு விட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்ற எச்சரிக்கை அது. உள்ளே இருக்கும் தேன்கூடு சூட்டில் உருகி அடைத்துக்கொண்டால், காயில் செலவெல்லாம் சில்லறையாகத் தோன்றும்.

ஆகவே இனி மிஸ்ஸிங் என்று போனால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சிலிண்டர்? என்ன சோதனை செய்தீர்கள்? அந்தச் சோதனையில் இந்தப் பார்ட்தான் கெட்டது என்று எப்படித் தெரிந்தது? மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால் பார்ட் வாங்கச் சம்மதிக்காதீர்கள். பதில் இருந்தால், பார்ட் மாற்றாவிட்டாலும் அந்தச் சோதனைக்குக் கேட்ட கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

ஷெட் வைத்திருக்கும் பிள்ளைகளே, வாசலில் ஒரு போர்டு வையுங்கள். சோதனைக் கட்டணம் இவ்வளவு, பார்ட் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் உண்டு என்று தெளிவாக எழுதுங்கள். என்னென்ன பார்த்தீர்கள் என்று பில்லின் பின்பக்கம் நாலு வரி எழுதிக் கொடுங்கள். செய்முறை நோட்டில் சோதனை, காண்பன, முடிவு என்று மூன்று கட்டம் போட்டு எழுதினீர்களே, அதேதான். முதல் மாதம் பத்து பேர் முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். கோளாறு சரியான வண்டிக்காரர்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். வெறும் கும்பிடு பொம்மை போட்டுவிட்டுப் போகாமல், உங்கள் வண்டியில் என்ன கோளாறு, என்ன சோதித்தார்கள், எவ்வளவு ஆனது என்று எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

அனைவரும் நலமாக, நிதானமாக வண்டி ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் ஆசிரியர்